வாயில்லாப் பெட்டி

சகாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று இறங்கிவிட்டதென்றால் தமலே ஊரில் கறுத்த ஆளும் இல்லை, மாநிற ஆளும் இல்லை. எல்லாரும் புழுதி நிறம்தான். காலையில் துடைத்த பெஞ்சில் மதியம் பேர் எழுதலாம். சோற்றில் நறநற, பல்லிடுக்கில் நறநற. உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், ஷியா வெண்ணெய் டப்பா இல்லாமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. அந்த வருஷம் மெமுனாவுக்கு உதடு வெடித்து ரத்தம் கசிந்ததுகூடத் தெரியவில்லை. அவள் கண்ணெல்லாம் கைப்பேசியில் ஓர் எண்ணின் மேல் இருந்தது.

அது ஒரு பெட்டியின் சூடு. பெட்டி இருந்தது ஊரின் மறுகோடியில், அவள் புருஷனின் அண்ணன் அல்ஹாஜி இத்ரிசுவின் வீட்டில். அங்கே அது எவ்வளவு சூடாக இருக்கிறதென்று இங்கே கைப்பேசி சொல்லும். சாப்பிடும்போது பார்ப்பாள், தொழுகை முடித்துப் பாய் சுருட்டும்போது பார்ப்பாள். எண் ஏறிக்கொண்டே போனது. ஏன் ஏறுகிறதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதுதான் அவளை நிற்கவிடாமல் உட்காரவிடாமல் ஆட்டி வைத்தது.

அல்ஹாஜிக்கு ஊர் முழுக்க மருந்துக் கடைகள். எந்தக் கடையில் எந்த மருந்து இருக்கிறது, எது தீர்ந்தது, எது காலாவதியாகப் போகிறது என்பதெல்லாம் அவர் வீட்டு முன்கட்டு அறையில் இருக்கும் சர்வருக்குத்தான் தெரியும். கடைகளின் கூரைக் கம்பங்களில் மாட்டிய தட்டுகள் வழியாக எல்லாக் கடையும் அதனிடம் கேட்டுத்தான் மருந்து கொடுக்கும். கம்பம் நட்டதும் கம்பி இழுத்ததும் மெமுனா. லாமாஷெகு சாலையில் அவளுக்கென்று ஒரு சின்னக் கடை உண்டு. பெயர்ப் பலகைகூட அவளே பெயிண்ட் அடித்து எழுதியது. கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாமே யாரோ ஒருவருடையது. அந்தக் கடை ஒன்றுதான் அவளுடையது.

மழைக்காலத்தில் பழைய சர்வர் மின்வெட்டில் செத்தது. டும்சோர் என்பார்கள் அங்கே. போகும், வரும், மறுபடி போகும். வரும்போது சும்மா வராமல் வெறிபிடித்த மாதிரி வரும். பக்கத்தில் இருந்த இணைப்புப் பெட்டியோ பல்லி புகுந்து செத்தது. கதகதப்பாக இருக்கிறதென்று உள்ளே போன பல்லி முட்டையும் இட்டுவிட்டுக் கருகிக் கிடந்தது.

புதிதாக என்ன வாங்குவதென்ற பேச்சு வந்தது. பேச்சு வருவதற்குள் அல்ஹாஜி வாங்கிவிட்டார். ஹம்பர்க்கிலிருந்து டேமா துறைமுகம் வழியாக ஒரு பெரிய மரப்பெட்டி வந்து முற்றத்து வேப்பமரத்தடியில் இறங்கியது. நாலு ஆள் தூக்கினார்கள்.

"புழங்கினது!" என்றார் அல்ஹாஜி, பெண்ணுக்கு நகை காட்டுகிற மாதிரி. "ஜெர்மன்காரன் ஆபீஸ்ல புழங்கினது. கடையில புதுசுன்னு விக்கிறானே, அது நமக்குன்னு செஞ்சு அனுப்புற தகரம். இது அவன் தனக்குன்னு செஞ்சது. என் காரு புழங்கினது, ஃபிரிட்ஜ் புழங்கினது. எதாவது ஒண்ணு என்னைக் கைவிட்டுருக்கா?"

மெமுனா மூடியைத் திறந்து பார்த்தாள். நல்ல சாமான்தான். அதை அவள் மறுக்கவில்லை.

"அத்தான், சாமான் நல்ல சாமான். ஆனா இதுக்கு ஆறு விசிறி. ஆறும் காத்தை உறிஞ்சி உள்ள தள்ளும். ஹம்பர்க்ல உறிஞ்சினா காத்து போகும். இங்க உறிஞ்சினா சகாரா பாலைவனமே போகும். கரண்டு வேற கொடங்கொடமா குடிக்கும். டும்சோர் வந்தா பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்?"

"விசிறி இருந்தாத்தானே மூச்சு? மூச்சு இருந்தாத்தானே உசுரு? நீ என்ன வச்சிருக்க, அதைக் காட்டு."

அவள் கைப்பையிலிருந்து எடுத்தாள். ரொட்டி அளவுக்கு ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. முதுகில் வரிவரியாகச் செதில். அல்ஹாஜி சிரித்த சிரிப்பில் கூடை முடைந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்தார்.

"இதா? லேய் ஷாயிபு, உம் பொண்டாட்டி எனக்கு ரேடியோப் பெட்டி விக்க வந்துருக்காலே!"

ஷாயிபு மெமுனாவின் புருஷன். அண்ணனின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். பொண்டாட்டியையும் பகைக்க முடியாது, அண்ணனையும் பகைக்க முடியாது. அவன் வேப்பமரத்தில் ஏதோ பறவை இருக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தான்.

"சிரிங்க அத்தான், நல்லா சிரிங்க. இதுக்கு விசிறியே கெடையாது. வாயில்ல, மூக்கில்ல, காதில்ல. தூசி எங்கிட்டுப் போகும்? பல்லி எங்கிட்டுப் போகும்? சூரியத் தகட்டுல ஒரு பேட்டரி மாட்டுனா டும்சோரே இதுக்குத் தெரியாது. ரெண்டு வாங்குவோம். ஒண்ணு இங்க. ஒண்ணு என் கடையில சும்மா உக்காந்து, இது எழுதுறதையெல்லாம் பாத்து எழுதிக்கிட்டே இருக்கும். இது விழுந்தா அது எந்திரிக்கும், இங்க கொண்டுவந்து மாட்டுனாப் போதும்."

"விழாத சாமானை வாங்குன்னா, விழுந்தா என்ன பண்றதுன்னு சொல்ற!"

அப்போதுதான் உள்ளேயிருந்து சனாத்து வந்தாள். அல்ஹாஜியின் மனைவி. அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. உயர வேண்டிய தேவையும் வந்ததில்லை. தையல்காரி. ஹர்மத்தான் வந்துவிட்டால் அந்த வீட்டில் சனாத்து உறை தைக்காத பொருளே கிடையாது. டிவிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, மாவு அரைக்கிற மிக்சிக்கு உறை, சுடுதண்ணீர் பிளாஸ்குக்குப் பூப்போட்ட உறை. விருந்தாள் வண்டி வாசலில் நின்ற சத்தம் கேட்டால் மளமளவென்று எல்லாவற்றையும் கழற்றி உள்ளறையில் போடுவாள். விருந்தாள் போனதும் மறுபடி மாட்டுவாள். தலையை வாரிக்கொண்டு வெளியே வருகிற மாதிரி, அதை யாரும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை.

"புள்ள இவ்வளவு சொல்லுது, ஒரு ஹர்மத்தான் குடுத்துப் பாக்கறது" என்றாள் சனாத்து. "உங்க யானை எங்க போயிரப் போகுது? கிடங்குல கெடக்கட்டும்."

அல்ஹாஜி பெண்டாட்டி பேச்சைத் தட்டுகிறவர் இல்லை. ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கிறவரும் இல்லை.

"சரி. காத்து ஓயுற வரைக்கும் உம் பெட்டி உசுரோட இருந்துச்சுன்னா எல்லாக் கடை வேலையும் உனக்குத்தான். நடுவுல செத்துச்சுன்னு வையி, அந்தக் கடையைச் சாத்திட்டு வந்து என் சாகசாகா கடைக் கல்லாவுல ஒக்காரு. அல்ஹாஜி வீட்டுப் பொம்பள ஏணியில ஏறுறான்னு ஊர்ல பேசுறதுக்காவது ஒரு முடிவு வரட்டும். சம்மதமா?"

ஷாயிபு மெல்ல அவள் முக்காட்டை இழுத்தான். அவள் கேட்கவில்லை.

"சம்மதம்" என்றாள்.

அல்ஹாஜி வீட்டில் ஒன்று, அவள் கடையில் ஒன்று என்று மாட்டினாள். முதல் வாரம் பெட்டி கல் மாதிரி ஓடியது. மின்சாரம் போனபோது மற்றவர் கடைகளில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்க, அல்ஹாஜி கடைகளில் விளக்கு அணைந்தும் கணினி அணையவில்லை. மெமுனா நடக்கும்போது செருப்புச் சத்தமே மாறியிருந்தது. அப்புறம்தான் எண் ஏற ஆரம்பித்தது.

ஏறினால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவள் பைக் சத்தம் ஊருக்கே தெரியும். வாசலில் நிறுத்தி, சலாம் சொல்லி, சனாத்து எதிரே வந்து நலம் விசாரித்து, அவள் தலைவலி, இவள் மாமியார் முட்டிவலி எல்லாம் கேட்டு முடித்து உள்ளே போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் சூடுதான். சனாத்து இஞ்சி போட்ட சிவப்புச் சோபோலோ பானத்தை ஊற்றிக் கொடுப்பாள். குடித்து முடிப்பதற்குள் எண் இறங்கிவிடும். வீடு திரும்பி முக்காட்டை அவிழ்ப்பதற்குள் மறுபடி ஏறும்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கக்கா" என்பாள் மெமுனா, பெட்டியின் முதுகில் விரலை ஓட்டி. "என் கடையில இருக்கறதுல புழுதி அப்பிக் கெடக்கு. இதுல ஒரு பொட்டு இல்ல."

"நீ குடுத்த சாமானாச்சே, சும்மா விடுவேனா" என்று சனாத்து பூரித்துப் போவாள்.

மெமுனா பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். இடத்தை மாற்றி, ஜன்னலோரமாக வைத்தாள். உள்ளே ஓடும் நிரல்களை எல்லாம் புரட்டினாள். ஒன்றும் தப்பில்லை. பிறகு யார்மேல்தான் சந்தேகப்படுவது? பெட்டியைத் தேர்ந்தெடுத்த தன்மேல் சந்தேகம் வந்தது.

ஒரு சாயங்காலம் சோளக்களியும் அயோயோக் கீரைக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. அவள் கை தட்டில், கண் கைப்பேசியில்.

"களியைத் தின்னு" என்றான் ஷாயிபு. "எண்ணைத் தின்னா வயிறு நிறையாது."

"நான் போனா எறங்குது. வந்தா ஏறுது. இது என்ன கூத்து?"

"உன்னைக் கண்டா அதுக்குக் குளிரெடுக்குது. எனக்கும் அப்படித்தான்."

"விளையாடாத. இது போச்சுன்னா என் கடை போச்சு."

"நான் முக்காட்டை இழுத்தேன்ல அன்னைக்கு? கேட்டியா? சம்மதம்னு ஒரு வார்த்தை. தேங்கா ஒடைச்ச மாதிரி."

"பின்ன என்ன சொல்லணும்? பயமா இருக்கு அத்தான்னா?"

"சொல்லியிருந்தா என்ன? எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு." அவன் குழம்பைத் தொட்டு வாயில் வைத்தான். "கல்லாவுல ஒக்காந்தா என்ன கொறைஞ்சு போகுதுன்னு எங்க அம்மா கேக்குறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"நீ காலையில கிடங்குக்குப் போற. அண்ணன் சொல்றதைச் செய்யிற. சாயங்காலம் வர்ற. உனக்குக் கொறைஞ்சு போகலையா?"

ஷாயிபு கையை நக்கினான். "அதனாலதான் நீயாவது ஏணியில ஏறுன்னு விட்டுருக்கேன்" என்றான் கடைசியில். அவள் களியை அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை முற்பகல் எண் ஒரேயடியாக எகிறியது. அப்புறம் எண்ணே இல்லை. திரை வெறுமையாக நின்றது.

அடுத்த நிமிஷம் கைப்பேசி அலற ஆரம்பித்தது. சாகசாகா கடை, அபோஅபோ சந்தைக் கடை, எல்லாமே. "அக்கா, ஒண்ணும் வரல! காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிட்டு ஒரு அம்மா நிக்குறாங்க, மருந்து எந்தக் கடையில இருக்குன்னு தெரியல, சீக்கிரம்!"

பைக்கை மிதித்தால் கிளம்பவில்லை. புழுதி அடைத்துக்கொண்டது. எதிரே வந்த ஒரு மூன்று சக்கர வண்டியில் தொற்றிக்கொண்டாள். அல்ஹாஜி வீட்டுத் தெருவில் யார் வீட்டிலோ குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். தெருவை அடைத்துப் பந்தல், நாற்காலி, பிரியாணி மாதிரி மணக்கும் ஜொல்லோஃப் சோற்று அண்டா. வண்டி உள்ளே போகாது. அவள் இறங்கிச் சந்து வழியாக ஓடி, கோழிக்கூட்டைத் தாண்டி, பின்கட்டு வழியாக நுழைந்தாள். சனாத்து பெயர் வைக்கிற வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஆளரவம் இல்லை.

முன்கட்டு அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

டிவி உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஃபிரிட்ஜ் உறை போட்டுக்கொண்டு நின்றது. ஜன்னலோர மேசையில் நீலக் கரை வைத்த ஓர் உறை, பெட்டியின் அளவுக்கே அச்சாகத் தைத்தது. மெமுனா கழற்றிப் புரட்டினாள். உள்ளே பழைய மெத்தையின் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டியிருந்தது. தூசி துளிகூட இறங்காது. பெட்டியைத் தொட்டாள், கை சுட்டது. உள்ளே வெந்துபோன வாடை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பைக் சத்தம் கேட்டதும் கழற்றியிருக்கிறாள், போனதும் மாட்டியிருக்கிறாள். ஐயோ அக்கா! மெமுனா கல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தூசிக்கு யோசித்தாள், கரண்டுக்கு யோசித்தாள், பல்லிக்குக்கூட யோசித்தாள். சனாத்து அக்காவின் அன்புக்கு யோசிக்கவில்லை.

வாசலில் அல்ஹாஜியின் குரல் கேட்டது. கூடவே ஆட்கள், மரப்பெட்டி தரையில் உராயும் சத்தம். யாரோ முந்திக்கொண்டு அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

துணி கையில் இருந்தது. அதைக் காட்டினால் கடை பிழைக்கும். ஆனால் தெருவே கூடியிருக்கிற நாளில், அல்ஹாஜி வாயில் சனாத்து விழுவாள். அந்த வீட்டில் தனக்காக வாய் திறந்த ஒரே ஆள். மெமுனா யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகத் துணியைச் சுருட்டி முக்காட்டுக்குள் செருகிக்கொண்டது.

"என்ன ஆச்சு?" என்றார் அல்ஹாஜி.

"சூட்டுல போச்சு அத்தான்."

"ஜனவரி மாசக் குளிர்ல சூட்டுல போச்சா! அப்ப மார்ச்சுல என்ன, பத்தி எரியுமா? டேய், எறக்குங்கலே நம்ம ஆளை."

ஷாயிபுவும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு வந்தான். பொண்டாட்டி முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. மின் கம்பியைச் செருகினார்கள். ஆறு விசிறியும் ஒன்றாகக் கிளம்பின. மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. விளக்கு மங்கியது. ஃபிரிட்ஜ் ஒரு முனகு முனகி நின்றுபோனது.

"சத்தத்தைக் கேளு!" அல்ஹாஜி கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "இதுல்ல மூச்சு! நாளைக்கே சாகசாகாவுல வந்து ஒக்காரு, மெமுனா. வாக்கு வாக்குதான்."

மெமுனா தலையை ஆட்டினாள். பெயர்ப் பலகையை எப்படிக் கழற்றுவது, ஆணி எல்லாம் துரு ஏறியிருக்குமே என்று மட்டும் மனசுக்குள் ஓடியது.

சத்தம் கேட்டு சனாத்து ஓடி வந்தாள். விசேஷத்துக்கு உடுத்திய வெள்ளை லேஸ் உடுப்பு, கையில் பலகாரப் பொட்டலம்.

"என்ன இங்க சத்தம்?"

"உன் செல்லத்தோட பெட்டி செத்துப்போச்சு. சூடாம்!"

சனாத்து பெட்டியைப் பார்த்தாள். அது வெறும் உடம்போடு கிடந்தது. காலையில் தன் கையால் மாட்டிய உறை எங்கே? மேசைக்கடியில் தேடினாள். நிமிர்ந்தபோது மெமுனாவின் முக்காட்டு ஓரத்தில் நீலக் கரை எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவள் முகத்தில் இருந்த விசேஷக் களை அப்படியே வடிந்தது.

"அந்தத் துணியைக் குடு" என்றாள்.

"வேண்டாம்க்கா. விடுங்க. நான் எடுத்த சாமான் சரியில்ல, அவ்வளவுதான்."

"குடுன்னா குடு."

வாங்கிக்கொண்டாள். அல்ஹாஜியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பெரிய சர்வர் அருகே போனாள். டிவி மேல் கிடந்த உறையையும் உருவி எடுத்துச் சேர்த்து விரித்தாள்.

"ஒரே புழுதியா இருக்கு. இதுக்கும் போர்த்தி விட்டுர்றேன்."

"ஏய் ஏய் ஏய்!" அல்ஹாஜி பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். "உனக்குப் பைத்தியமா? போர்த்துனா மூச்சு முட்டிச் செத்துரும்!"

"செத்துருமா?"

"பின்ன? சூடு எங்கிட்டுப் போகும்?"

சனாத்து விரித்த துணியோடு அப்படியே நின்றாள்.

"அந்தச் சின்னதுக்கு இத்தனை நாளா இதைத்தான் போர்த்தி வச்சிருந்தேன். இந்தப் புள்ள வர்ற சத்தம் கேட்டா எடுப்பேன். போனதும் போடுவேன். பஞ்சு வச்சுத் தைச்சேன், எங்க தூசி போயிருமோன்னு. அதுக்குத்தான் மூச்சே கெடையாதேன்னு நெனைச்சேன்." விரித்த துணியைக் கீழே இறக்கினாள். "நாந்தான் கொன்னேன். இவ அதைத் தூக்கி முக்காட்டுல ஒளிச்சு வச்சுக்கிட்டு, எம்மேல பழி வரக் கூடாதுன்னு கடையைச் சாத்தப் போறா."

விசிறிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. தூக்க வந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக முற்றத்துக்கு நழுவினார்கள்.

"நீ ஏன் சொல்லல?" என்றார் அல்ஹாஜி மெமுனாவிடம்.

"என்னன்னு சொல்ல அத்தான்? வாயில்ல மூக்கில்லன்னு பீத்திக்கிட்டது நான்தானே. அதுக்கு முதுகு பூரா மூச்சுன்னு சொன்னேனா? அக்கா நான் சொன்னதைத்தான் நம்புனாங்க."

அல்ஹாஜி தாடியைத் தடவினார். மங்கிய விளக்கைப் பார்த்தார். நின்றுபோன ஃபிரிட்ஜைப் பார்த்தார், அதற்குள் ஒரு முழு ஆட்டின் கறி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரமே தெரியாத அளவுக்குப் புழுதி.

"ஷாயிபு, காத்து ஓஞ்சிருச்சாலே?"

"இல்லண்ணே. எங்க ஓஞ்சது?"

"காத்து ஓயுற வரைக்கும்னுதானே பேச்சு. அப்புறம் என்ன எல்லாரும் வேடிக்கை?" அவர் மெமுனாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தே பேசினார். "இது விழுந்தா அது எந்திரிக்கும்னியே, எந்திரிக்குதான்னு பாப்போம். போய் எடுத்துட்டு வா. லேய், இந்தச் சனியனை மொதல்ல அணைங்கலே, காது போகுது!"

மெமுனா சந்து வழியாக ஓடினாள். பைக் இல்லாதது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. பின்னாலேயே ஷாயிபு தன் வண்டியில் வந்து, "ஏறு" என்றான்.

ஜும்ஆ தொழுகைக்கு அழைப்பு எழும்போது, அவள் கடையில் புழுதி அப்பிக் கிடந்த இரண்டாவது பெட்டி அல்ஹாஜி வீட்டு ஜன்னலோரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செத்தது எழுதி வைத்த எல்லாம் அதில் இருந்தது. காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து லாமாஷெகு சாலை மருந்துக் கடையில் என்று அது சொல்லிவிட்டது.

மறு வாரம் மெமுனா போனபோது, வாசலில் பைக்கை நிறுத்தி சலாம் சொல்லியும் உள்ளே யாரும் மளமளவென்று ஓடவில்லை. சனாத்து பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி மேல் செம்புழுதி படிந்திருந்தது. எண் அசையாமல் நின்றது. ஆனாலும் மெமுனா அதை வாசலுக்கும் அறைக்கும் நடுவில் இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

"வந்தியா? வா" என்றாள் சனாத்து. "நாலு பேர் வந்து போற எடத்துல இப்படி அம்மணமா நிக்குது. பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. துடைக்கவாவது செய்யலாமா, இல்ல அதுவும் ஆகாதா?"

"துடைக்கலாம்க்கா" என்றாள் மெமுனா. "துடைச்ச துணியை மட்டும் மறக்காம கையோட எடுத்துட்டுப் போயிருங்க."